கழித்த பொறிகள் கூடிச் செய்த பெரும்பணி



வெள்ளிவிழாக் காணும் இச்சங்கத்தின் மேடையில் கணிப்பொறியைப் பற்றி உரையாற்றுமாறு என்னைப் பணித்தீர்கள். ஆற்றல் மிக்க கணிப்பொறி செல்வருக்கே உரியது என்னும் எண்ணம் நம் இளைஞர் பலரிடம் உண்டு. அவ்வெண்ணத்தை மாற்றவல்ல உண்மை வரலாறு ஒன்றைக் கூற விழைகின்றேன்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே வில்லியம் ஹார்க்ரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் என்னும் இருவர், மண், மழை, வெப்பம் முதலியவற்றின் ஒற்றுமையை நோக்கி அந்நாட்டு நிலப்பரப்பைச் சூழல் மண்டலங்களாக வகுக்க முற்பட்டனர். சதுர கிலோமீட்டர் அளவில் 78 லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 25 இயல்புகள். தனியொரு மேசைக் கணிப்பொறிக்கு இது மலைப்பான கணக்கு. புதிய பொறிகள் வாங்க 1996இல் நிதி கேட்டனர், மறுக்கப்பட்டது.

அவர்கள் சோர்ந்துவிடவில்லை. பழையன என்று கழிக்கப்பட்ட கணிப்பொறிகளைத் திரட்டி, சீர்செய்து, ஒன்றோடொன்று இணைத்தனர். 2001ஆம் ஆண்டளவில் அத்தொகுதியில் 133 பொறிகள் இருந்தன. கல்லிட்டுக் கொதித்த நீரில் ஊரார் ஆளுக்கொரு காய் இட, அது சுவையான சூப்பாயிற்று என்பது ஐரோப்பியக் கதை. அக்கதையை நினைத்தே தம் தொகுதிக்குப் பெயரும் சூட்டினர்.

இம்முறைக்கு வழி காட்டியது, 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரணச் செயலிகளை இணைத்து உருவாக்கிய 'பெயோவுல்ஃப்' தொகுதியாகும். ஒரு பொறி வேலையைப் பகிர்ந்தளிக்கும். மற்றவை கணக்கிட்டு விடையைத் திருப்பித் தரும். விரைவான பொறி தன் பங்கை முடித்ததும் அடுத்ததைக் கேட்கும். மெதுவான பொறி இயன்றதைச் செய்யும். எனினும் எல்லா வேலைகளும் இவ்வாறு பகுபடா. பத்துப் பேர் கூடினால் நடவு விரைவில் முடியும். பத்துப் பேர் கூடினாலும் நெல் ஒரே நாளில் விளையாது.

இத்தகைய தொகுதிகளுக்கு உயிர் தந்தது லினக்ஸ் இயங்குதளம். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை 1991இல் வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தின்கீழ் 1992 முதல் அது வழங்குகின்றது. அதனை எவரும் பயன்படுத்தலாம், உள்ளே எழுதப்பட்டதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். 133 பொறிகளில் இட்டாலும் உரிமக் கட்டணம் இல்லை. கற்க வருபவனை 'நீ யார்?' என்று அது கேட்பதுமில்லை. கல்வியின் வாயிலில் அவ்வினாவைக் கேட்டு நின்ற முன்னோரின் வழிவந்த நமக்கு இதன் அருமை புரியும். 2017 நவம்பரில் வெளியான உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகளின் பட்டியலில் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்கின.

இன்று ஒரே சில்லில் பல செயலிகள் அடங்கிவிட்டன. உள்ளங்கையளவு ராஸ்பெரி பை பலகையிலும் நான்கு உண்டு. மிகப் பழைய பொறிகளோ மின்சாரத்தை மிகுதியாக விழுங்கும்; கணக்கிட்டே சேர்த்தல் வேண்டும்.

இளைஞர்களே! அலுவலகங்கள் கழிக்கும் பொறிகள் மூன்றையேனும் கேட்டுப் பெற்று நம் சங்கக் கட்டடத்தில் இணையுங்கள். லினக்ஸை நீங்களே நிறுவுங்கள். நடைபெறாதபோது ஏன் நடைபெறவில்லை என்று ஆராயுங்கள். அவ்வாராய்ச்சியே கல்வி. பொறியைப் பயன்படுத்துவோராக மட்டும் நில்லாமல், அதன் உள்ளியல்பு அறிந்தோராக நம் பிள்ளைகள் உயர வேண்டும்.