காரின் மின்கல அடுக்கைப் புதுப்பித்தல்



திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், அரியமங்கலத்தைக் கடப்போர் மோட்டார்ப் பட்டறைகள் பலவற்றைக் காண்பர். அண்மையிலேயே 1928ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பொன்மலை இரயில்வே தொழிற்சாலை இருக்கின்றது. பழையதைப் பிரித்துச் செப்பனிட்டு மீண்டும் ஓடவைப்பது இப்பகுதி மக்களுக்குக் கைவந்த தொழில். இத்தொழிலுக்கு இப்பொழுது புதியதொரு பொருள் வந்து சேர்ந்துள்ளது. பெட்ரோலாலும் மின்சாரத்தாலும் ஓடும் ஹைப்ரிட் காரின் மின்கல அடுக்கே அது.

புதிய அடுக்கு ஒன்றை வாங்குவது பெருஞ்செலவு. ஆதலின், “பழைய அடுக்கை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பித்தால் என்ன?” என்று இளைஞர் சிலர் என்னை வினவுவதுண்டு. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையிறுத்தல் பொருந்தாது. அப்பொருள் யாது, அது ஏன் பழுதாகின்றது, அதனுள் உறையும் தீங்கு எத்தகையது என்பவற்றை அறிந்த பின்னரே விடை காணுதல் முறை.

ஜப்பான் நாட்டில் 1997ஆம் ஆண்டு ‘பிரியஸ்’ என்னும் ஹைப்ரிட் கார் விற்பனைக்கு வந்தது. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் இரண்டாம் வடிவத்தையே சான்றாகக் கொள்வோம். அதில் உள்ளவை நிக்கல்-உலோக ஹைட்ரைடு மின்கலங்கள். ஒரு கலத்தின் மின்னழுத்தம் 1.2 வோல்ட். ஆறு கலங்கள் சேர்ந்தது ஒரு தொகுதி. அதன் அழுத்தம் 7.2 வோல்ட். இத்தகைய 28 தொகுதிகளைத் தொடரிணைப்பில் கோத்திருக்கின்றனர். ஆகவே கலங்கள் 168. மொத்த அழுத்தம் 201.6 வோல்ட். பள்ளியில் நீங்கள் படித்த தொடரிணைப்புப் பாடம் இங்கே ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றது.

தொடரிணைப்பின் இயல்பு யாது? எல்லாக் கலங்களின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் செல்லும் என்பது. கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நூற்றறுபத்தேழு பேர் வலிமையுடையராயினும், ஒருவர் தளர்ந்தால் வேலையின் அளவு அவர் அளவே. மின்கல வரிசையில் இதனினும் கொடுமை உண்டு. தளர்ந்த கலம் தன் மின்னாற்றல் முழுதும் தீர்ந்த பின்னரும் மற்றவை மின்னோட்டத்தை அதனூடே செலுத்திக்கொண்டேயிருக்கும். அப்பொழுது அக்கலத்தின் நேர்முனை எதிர்முனையாகத் திரும்பும்; உள்ளே வெப்பமும் வாயுவும் மிகும்; அது மேலும் கெடும்.

கெடுதலுக்குத் தலையாய காரணம் வெப்பம். அடுக்கின் நடுவிலுள்ள தொகுதிகளைச் சுற்றிலும் வெப்பம் தங்கும். ஓரங்களில் உள்ளவை எளிதிற் குளிரும். காரினுள்ளிருந்து காற்றை இழுத்து அடுக்கைக் குளிர்விக்க ஒரு விசிறி உண்டு. பின்னிருக்கையின் பக்கத்திலுள்ள அதன் காற்றுவழியைத் தூசி அடைத்தாலும், பயணப் பைகளை வைத்து மறைத்தாலும் அடுக்கின் ஆயுள் குறையும். அவ்வழியைத் தூய்மையாக வைத்திருத்தல் செலவில்லாத மருத்துவம்.

என் பழைய மாணவர் ஒருவர் அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கிறார். மின்தொழிலை முறையாகப் பயின்றவர். அவர் இவ்வேலையைச் செய்தபோது உடனிருந்து பார்த்தேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தொகுதியின் அழுத்தத்தையும் அளந்து குறித்தார். பெரும்பாலானவை 7.9 வோல்ட் காட்டின. ஒன்று மட்டும் 6.6 காட்டியது. “இதன் பொருள் என்ன ஐயா?” என்று என்னையே கேட்டுச் சிரித்தார். வேறுபாடு 1.3 வோல்ட்; அஃதாவது ஏறக்குறைய ஒரு கலத்தின் அழுத்தம். ஆறு கலங்களில் ஒன்று மாண்டுவிட்டது என்பதைப் பெட்டியை உடைக்காமலே கழித்தல் கணக்குக் காட்டிக்கொடுத்தது.

அத்தொகுதியை மட்டும் மாற்றிவிட்டால் போதுமே என நினைக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஓய்ந்திருக்கும்போது நல்ல அழுத்தம் காட்டும் தொகுதி, வேலை கொடுத்தால் சோர்ந்துவிடலாம். காரின் முகப்பு விளக்குப் பல்பு ஒன்றைத் தொகுதிதோறும் இணைத்து இரண்டு நிமிடம் எரியவிட்டார். முன்பு 7.9 காட்டியவற்றுள் மேலும் இரண்டு விரைந்து சரிந்தன. பின்னர் எஞ்சியவற்றை மும்முறை மின்னேற்றியும் இறக்கியும் கொள்ளளவை அளந்தார். புதியதொரு தொகுதியின் கொள்ளளவு 6.5 ஆம்பியர்-மணி. பழையவை எவ்வளவு இழந்துள்ளன என்பதை இவ்வாறுதான் அறியமுடியும். ஒரு சுற்றுக்கு ஐந்து மணி நேரம் எனக் கொண்டால், ஒரு தொகுதிக்குப் பதினைந்து மணி. 28 தொகுதிகளுக்கு 420 மணி. நான்கு கருவிகளை ஒருங்கே இயக்கினாலும் 105 மணி. இப்பொறுமை இல்லாதவர், இன்று ஒன்றை மாற்றி, சில திங்களில் அடுத்ததற்காக மீண்டும் பெட்டியைத் திறக்க நேரும்.

மின்னேற்றும்பொழுது தொகுதிகளை இரு பக்கமும் பலகையிட்டு இறுக்கி வைத்தல் வேண்டும். இன்றேல் அவை வீங்கிப் புடைக்கும். மாற்றாக வரும் தொகுதி மற்றவற்றின் கொள்ளளவை ஒத்திருத்தல் வேண்டும். மீண்டும் அடுக்கும்போது வலியவற்றை வெப்பம் மிகுந்த நடுவிலும், சற்று மெலியவற்றை ஓரங்களிலும் வைத்தார். பச்சை படிந்த செப்புத் தகடுகளைத் தேய்த்துத் துலக்கினார். முனைகள் முறை மாறாமல் இருக்கின்றனவா என்று இருமுறை பார்த்தார். ஒரு தொகுதி தலைமாறி இணைந்தாலும் மொத்தத்தில் 14.4 வோல்ட் குறைந்துபோகும்.

இனி, தீங்கைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓமின் விதியை நினைவு கூருங்கள். மனித உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொண்டால், 200 வோல்ட் அழுத்தம் 0.2 ஆம்பியர் மின்னோட்டத்தை உடலில் செலுத்தும். உயிரைப் பறிக்க இது போதும். ஒரு ஸ்பானர் இரு முனைகளின் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பு உருகித் தெறிக்கும், கண் போகும்.

இந்த அடுக்கில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு செருகி உண்டு. அதைக் கழற்றினால் மின்சாரம் அறவே நீங்கிவிடும் எனப் பலர் நம்புகின்றனர். அது தவறு. அச்செருகி வரிசையை இடையில் துண்டிப்பது மட்டுமே. துண்டித்த பின்னரும் ஒவ்வொரு பகுதியிலும் உயிர்க்கொல்லி அழுத்தம் இருந்தே தீரும். வீட்டு மின்சாரத்தைச் சுவிட்சால் நிறுத்தலாம். மின்கலத்துக்குள் இருக்கும் மின்சாரத்தை நிறுத்தச் சுவிட்சு இல்லை. செருகியைக் கழற்றிய பின் பத்து நிமிடமேனும் காத்திருத்தல் வேண்டும். காரிலுள்ள மின்தேக்கிகள் தம் ஆற்றலை இழக்க அக்கால அளவு தேவை. 1000 வோல்ட் தாங்கும் ரப்பர்க் கையுறை, கண்ணாடி, மின்கடத்தா உறையிட்ட கருவிகள், அருகில் அறிந்த ஒருவர் ஆகிய நான்கும் இன்றி மூடியைத் தொடலாகாது. மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி எவையும் உடலில் இருத்தல் கூடாது. கலத்தினுள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரம் என்பதையும் மறவாதீர்.

நம் அண்டை நாடாகிய இலங்கையில் 2010ஆம் ஆண்டுக்குப் பின் ஜப்பானிய ஹைப்ரிட் கார்கள் பெருந்தொகையாக இறக்குமதியாயின. அவற்றின் அடுக்குகளைப் புதுப்பிப்பது அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. அது பழகியோர் கையில் நடக்கும் தொழில்; வீட்டுத் திண்ணையில் தனியே அமர்ந்து செய்யும் பொழுதுபோக்கு அன்று.

மாண்ட தொகுதிகளை என் செய்வது? அரியமங்கலத்தில் நகரத்துக் குப்பை மலைபோலக் குவிந்ததையும், அது தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்ததையும் கண்டவர் நாங்கள். மின்கலத்தைக் குப்பையில் எறிதல் அக்கம்பக்கத்தார் மூச்சில் நஞ்சு கலப்பதாகும். 2022ஆம் ஆண்டு நடுவணரசு வெளியிட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புதல் உற்பத்தியாளர் பொறுப்பு. அவரிடம் முறையாகச் சேர்ப்பித்தல் நம் பொறுப்பு. நிக்கல் அரிய உலோகம். அது மீண்டும் பயன்படும்.

எனவே என் விடை இதுதான். 201 வோல்ட் அடுக்கை வீட்டில் தனியே திறவாதீர். ஆயின், கற்றலை நிறுத்தாதீர். 1.2 வோல்ட் கலங்கள் ஆறினைக் கடையில் வாங்கி, ஆசிரியர் முன்னிலையில் தொடராக இணையுங்கள். ஒரு சிறு பல்பை எரியவிட்டு, எந்தக் கலம் முதலில் தளர்கிறது என்று அளந்து அட்டவணை இடுங்கள். அடுக்கைப் புதுப்பிக்கும் கலையின் பெரும்பகுதி அவ்வட்டவணையிலேயே கைகூடிவிடும். பின்னர் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பொறியியற் கல்லூரியிலோ உயர் மின்னழுத்த வேலையை முறையாகப் பயிலலாம்.

ஆராய்ச்சியில் நாட்டமுடையோர்க்கு இடம் தொலைவில் இல்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948ஆம் ஆண்டு ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்கென 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். மின்கலங்களை ஆராயும் அந்நிலையத்தின் வாயில், இன்று ஆறு கலங்களை இணைத்துப் பார்க்கும் மாணவர்க்கும் நாளை திறக்கும். கருவியைக் கையில் எடுக்குமுன் கணக்கை எடுங்கள். பழகியவர் துணையோடு வேலையைத் தொடங்குங்கள்.