கை சரியாகிவிட்டது, கவனிப்பு முடியவில்லை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன் பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இன்று உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

திடீர்னு வாய் ஒரு பக்கம் கோணும். கையில் பிடித்த சொம்பு நழுவும். பேச்சு குழறும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். "ஏதோ பித்தம், வெயில்ல நின்னது" என்று சொல்லிவிட்டு மறுநாள் களை எடுக்கப் போய்விடுவோம்.

அது பித்தம் இல்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு வந்து விலகியிருக்கலாம். இதைத்தான் மினி ஸ்ட்ரோக், சிறு பக்கவாதம் என்கிறார்கள். இதற்குப் பின்னால் பெரிய வாதம் வரும் ஆபத்து முதல் 2 நாளில்தான் மிக அதிகம். 3 மாதம் வரை ரொம்பக் கவனம் தேவை. கை கால் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புறா ரத்தம் தடவிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

வீடு திரும்பிய பிறகு என்ன செய்வது?

1. மாத்திரை: ரத்தம் உறையாமலிருக்க, பிரஷருக்கு, கொழுப்புக்கு என்று தருவார்கள். "இப்பதான் நல்லா இருக்கேனே" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நல்லா இருப்பதே மாத்திரையால்தான். டாக்டரைக் கேட்காமல் ஒன்றைக்கூட நிறுத்தாதீர்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது வீடு வீடாக மாத்திரை கொண்டுபோனவர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான்.

2. பிரஷர், உப்பு: டாக்டர் சொன்ன நாளில் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் உள்ளதும் இதில் சேர்த்தி.

3. பீடி, புகையிலை, சாராயம்: மூன்றையும் விட்டே ஆக வேண்டும்.

4. மனசு: வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சும்மா அழுவார்கள், எரிந்து விழுவார்கள், படுத்தே கிடப்பார்கள். சோம்பேறி என்று சொல்லாதீர்கள். அதுவும் நோயின் பகுதிதான். டாக்டரிடம் சொன்னால் அதற்கும் வைத்தியம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கு வந்தால் கார் பிடித்து ஓடுகிறோம். நமக்கு வந்தால் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு அடுப்படிக்குப் போகிறோம். நம் உயிர் மட்டும் மலிவா?

இங்கேதான் குழு வேண்டும். அப்படி ஒரு உறுப்பினர் இருந்தால், "மாத்திரை போட்டீங்களா அக்கா?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். செக்கப்புக்கு ஒருவர் துணைக்குப் போங்கள். வேலைக்குப் போக முடியாத மாதங்களில் உள்கடன் தவணைக்கு அவகாசம் தரலாம். அதைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். தவணைக்குப் பயந்து அவர் வெயிலில் போய் நிற்கக் கூடாது.

மறுபடி வாய் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்றைக்கே உங்கள் குழுவில் பேசுங்கள்.