ரீசெட் பண்ணின கார் எதை மறக்குது?

இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வி. பேட்டரியைக் கழட்டி மாட்டினதுக்கு அப்புறம் கார் ஏன் ரெண்டு மூணு நாள் மக்கர் பண்ணுது?

பழவேற்காட்டை எடுத்துக்குங்க. லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் மாதிரி ஊர்கள்ல ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏரி. உப்புக்காத்துல பேட்டரி டெர்மினல் சீக்கிரமே பூத்துப்போகும். கழட்டிச் சுத்தம் பண்ணித் திரும்ப மாட்டுவாங்க. பல வண்டிகள்ல அதோட இசியு, அதாவது இன்ஜினோட கம்ப்யூட்டர், கத்துவெச்சதெல்லாம் போயிடும். சில புது வண்டிகள்ல பேட்டரியைக் கழட்டினாலும் அழியாது. ஸ்கேனர் வெச்சுத்தான் அழிக்கணும்.

அப்படி என்ன கத்துவெச்சிருக்கு? இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் தரணும்னு கம்பெனி போட்ட அடிப்படைக் கணக்கு ஒண்ணு இருக்கு. அது அழியாது. ஆனா உங்க வண்டியோட இன்ஜெக்டர் கொஞ்சம் அடைச்சிருக்கலாம், ஏர் ஃபில்டர் பழசாகியிருக்கலாம். சைலன்சர் குழாய்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சார் புகையைப் பாத்து, "பெட்ரோல் பத்தல", "கூடிப்போச்சு"ன்னு சொல்லிட்டே இருக்கும். அந்தத் திருத்தங்களோட சராசரிதான் லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம். ரீசெட் பண்ணினா அது பூஜ்யம் ஆயிடும்.

ஏரியோட அமைப்பு படகுக்காரருக்கு அத்துப்படி. ஆனா முகத்துவாரத்துல இன்னிக்கு மணல் எங்க சேர்ந்திருக்குன்னு போய்ப் பாத்தாத்தான் தெரியும். இசியு வேலையும் அப்படித்தான்.

இப்போ இ20 பெட்ரோலும் சேர்ந்துக்குது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். 20 சதவீதம் எத்தனால் கலந்தா அது ஏறக்குறைய 13.5 ஆகக் குறையும். அதனால அதே காத்துக்குக் கூடுதல் எரிபொருள் தரணும். இ20க்குன்னு வடிவமைக்காத பழைய வண்டி ரீசெட்டுக்கு அப்புறம் இந்த வித்தியாசத்தையும் புதுசாக் கத்துக்கணும்.

எப்படி ஓட்டணும்? வண்டி முழுசா ஆறினதும் ஸ்டார்ட் பண்ணி, சில நிமிஷம் ஐடில்ல விடுங்க. ஏசி இல்லாம ஒரு தடவை, ஏசியோட ஒரு தடவை. அப்புறம் கலந்து ஓட்டுங்க. சென்னையிலிருந்து பழவேற்காடு போற ரூட் இதுக்குக் கச்சிதம். தச்சூர் கூட்டுச்சாலை வரைக்கும் ஹைவேல சீரான வேகம், பொன்னேரி பஜார்ல நின்னு நின்னு போறது, அதுக்கப்புறம் திறந்த ரோட்டுல ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்து உருள விடுறது. மூணுமே வேணும்.

கவனிக்க வேண்டியது இனிமேதான். ரீசெட் எதையும் ரிப்பேர் பண்ணாது. செக் இன்ஜின் லைட் அணைஞ்சிடும், அவ்வளவுதான். எங்கேயாவது காத்து கசிஞ்சா, ட்ரிம் மறுபடி ஏறும், லைட்டும் திரும்ப வரும். ஆனா அதுக்குள்ள வண்டியை உங்க தலையில கட்டிடலாம்!

அதனால பழைய கார் வாங்கும்போது ஒரு ஓபிடி ஸ்கேனரை மாட்டி 'ரெடினஸ் மானிட்டர்' பாருங்க. கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் இதெல்லாம் சுயபரிசோதனை முடிச்சாச்சான்னு காட்டும். ரீசெட் பண்ணினா எல்லாம் 'முடியல'ன்னு மாறிடும். நல்லா ஓடினாத்தான் ஒவ்வொண்ணா முடியும். தினமும் ஓடுற வண்டின்னு சொல்லி வித்து, பல மானிட்டர் முடியாம இருந்தா, சமீபத்துல யாரோ அழிச்சிருக்காங்க. பேட்டரி மாத்தினதாவும் இருக்கலாம். கேளுங்க. சில நாள் ஓட்டவிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.