கரையில் ஒதுங்கும் ஆமைகளைக் கொல்வது யார்?

(தொழிலாளர் வாசகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருக்கும் இடத்தில் ஆமையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். பஞ்சப்படி பாக்கி நிற்கிறது, அறுப்புக் கூலி பாக்கி நிற்கிறது, இவர் ஆமைக் கதை சொல்ல வந்துவிட்டார் என்று பின்வரிசையில் ஒரு தோழர் சிரிப்பதும் என் காதில் விழுகிறது. சிரியுங்கள். ஆனால் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

2025 ஜனவரியில் திருவள்ளூர், சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடலாமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. நம் மீனவர்கள் 'பங்குனி ஆமை' என்று சொல்லும் இனம் அது. மருத்துவர்கள் உடல்களை அறுத்துப் பார்த்தபோது மூச்சு முட்டிச் செத்தவை என்று தெரிந்தது.

கடலிலே வாழ்கிற பிராணி கடலிலே மூச்சு முட்டிச் சாகுமா? சாகும். ஆமைக்கு மீனைப்போல் செவுள் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் இருப்பதுபோல் நுரையீரல்தான் உண்டு. நெடுநேரம் முழுகியிருக்க அதற்குத் தெரியும். ஆனால் மேலே வந்து காற்றை இழுத்தே ஆகவேண்டும். விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவைமடிக்குள் சிக்கினால் மேலே வர வழியேது? மணிக்கணக்கில் வலை இழுபடுகிறது. ஒரு மணி நேரம் தாண்டினால் சாவு மளமளவென்று ஏறுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த ஜீவனைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் இரவிரவாக மணலில் நடந்தவர்கள் தேடித் தந்த அறிவு. 1973 முதற்கொண்டே சென்னைக் கரையில் ஒரு சிறு கூட்டம் இராத்திரியில் நடந்து, நாயும் நரியும் தின்னுமுன் முட்டைகளை எடுத்துப் பத்திரமான இடத்தில் புதைத்துப் பொரிக்க வைத்தது. 1988 முதல் மாணவர்களின் அமைப்பு ஒன்று அதே வேலையைச் செய்து வருகிறது. ஒரு தாய் ஒரு தடவையில் ஏறக்குறைய நூறு முட்டை இடும். ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்தில் குஞ்சு வரும். மணலின் சூடு குறைந்தால் ஆண், கூடினால் பெண். குஞ்சு வெளிச்சம் தெரியும் திசையை நோக்கி ஓடும். முன்பெல்லாம் அந்த வெளிச்சம் கடல்மேல் வானம். இன்று பங்களா விளக்கும் சாலை விளக்கும் அதை ரோட்டுக்கு இழுத்துவிடுகின்றன. தப்பிக் கடலில் இறங்கிய குஞ்சும் முட்டையிடும் பருவத்துக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேலாகும். வளர்ந்த தாய் ஒன்று வலையில் செத்தால் எத்தனை வருஷத்து வாழ்வு போகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவை எவ்வளவு தூரம் போகும்? 2021-ல் ஒடிசாவில் துடுப்பில் எண் பொறித்த தகடு மாட்டி விட்ட ஒரு தாய் ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குகாகர் கரையில் ஏறி முட்டையிட்டது. கிழக்குக் கடலைச் சேர்ந்தது என்று நினைத்த ஆமை மேற்குக் கடலில்! ஒரு மாநிலம் காத்து இன்னொரு மாநிலம் கைவிட்டால் பிரயோஜனம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு காலத்தில் அரசாங்கமே ஒடிசாவில் ஆமை முட்டை எடுக்கக் குத்தகை விட்டது. ஆமைகள் ரயிலேறிக் கல்கத்தா சந்தைக்குப் போயின. 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தமும் அதை நிறுத்தின. ஆனால் இறைச்சிக்காகப் பிடிப்பது நின்றபின் இறாலுக்கு விரித்த வலையில் சாவது தொடர்ந்தது.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. களத்தில் சல்லடை வைத்துச் சலிக்கிறோமே, அதே யுக்திதான். இழுவைமடியின் கழுத்தில் கம்பிச் சட்டம் ஒன்றைத் தைத்துவிடுவது. இறால் கம்பிகளுக்கிடையே நுழைந்து மடிக்குள் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, மேலேயோ கீழேயோ உள்ள திறப்பு வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்தொழில்நுட்ப நிலையம் நம் படகுகளுக்கு ஏற்றபடி இதைச் செய்து கொடுத்திருக்கிறது. இருந்தும், பிடிபட்டதில் ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது என்று சொல்லிப் பல படகு முதலாளிகள் மாட்ட மறுக்கிறார்கள்.

அமெரிக்கா 1989-ல் ஒரு சட்டம் செய்து, இந்தச் சட்டம் மாட்டாத நாட்டு இறாலை வாங்கமாட்டோம் என்றது. பின்னர் அது நம்மீதும் பாய்ந்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. நாடுகளிடையே பாரபட்சமாக அமல் நடத்தியது தவறு என்று 1998-ல் தீர்ப்பாயிற்று. இருந்தும் 2019-ல் நமது கடல் இறாலுக்குத் தடை வந்தது. தன் நாட்டு இறால் முதலாளிகளின் நலனும் அமெரிக்காவின் கணக்கில் கலந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காகக் கம்பிச் சட்டத்தையே தூக்கி எறியச் சொல்வது, மில் முதலாளி வாங்கி வைத்தான் என்பதற்காகத் தீயணைக்கும் வாளியை உதைத்துத் தள்ளுவது மாதிரி.

கட்டுமரக்காரர்களுக்கு இந்த இழுவைமடி புதிய பகை அல்ல. கரையோரமாக வந்து வலையை அறுத்து, மீன் குஞ்சை வாரிக்கொண்டு போகிறது என்று அவர்கள் 1970-களிலேயே போராடினார்கள், உயிர்களும் போயின. அதன் பிறகே 1983-ல் தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடிச் சட்டம் பிறந்தது. இன்று கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. ஆமை கூடும் இடமும் பெரும்பாலும் அந்தக் கரையோரம்தான். மீனவன் கேட்ட எல்லையை ஒழுங்காகக் காத்திருந்தாலே ஆமையும் பாதி பிழைத்திருக்கும் என்பேன்.

இன்னொரு விசித்திரம் பாருங்கள். கிழக்குக் கடலில் விசைப்படகுக்கு 61 நாள் தடை ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. நம் கரையில் ஆமை முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. தடை வருமுன் பருவம் முடிந்துவிடுகிறது! ஒடிசாவில் ஆமை கூடும் ஆற்றுமுகங்களில் நவம்பர் முதல் மே வரை தடை உண்டு. ஆனால் அங்கே சிறு படகுக்காரன் ஏழு மாதம் எதைத் தின்பான் என்று கேட்டால் சரியான பதில் வருவதில்லை.

ஆகவே ஆமையைக் காப்பதற்கான செலவை யார் தலையில் கட்டுவது என்பதே சண்டை. படகில் பங்குக்கு வேலை செய்யும் கூலித் தொழிலாளி மடியின் கழுத்தில் என்ன தைப்பது என்று தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்கிறவன் கரையில் இருக்கிறான். கம்பிச் சட்டத்தை அரசு இலவசமாகக் கொடுக்கட்டும். எல்லை மீறினால் அபராதத்தைப் படகின் சொந்தக்காரனிடம் வசூலிக்கட்டும். தடை நாளில் வேலையிழப்பவனுக்குப் பிழைப்பூதியம் கொடுக்கட்டும். கடலோரக் கிராமங்களிலுள்ள நம் சங்கங்கள் இந்த மூன்றையும் மீனவர் சங்கங்களோடு சேர்ந்து கேட்கவேண்டும். தை, மாசி இரவுகளில் கரையில் ஆமைத் தடம் கண்டால் தோண்டாதீர்கள், விளக்கடிக்காதீர்கள். வனத்துறைக்கோ, கரையில் நடந்து திரியும் அந்த மாணவர்களுக்கோ சொல்லி அனுப்புங்கள்.