நீதிமன்றத்தில் கணினியும் தமிழும்



இந்திய நீதிமன்றங்களில் கணினி நுழைந்த வரலாறு, என்னைப் போன்று கணினித் துறையில் பணியாற்றுவோர் மகிழத்தக்க ஒன்று. 2007ஆம் ஆண்டில் மின்னணு நீதிமன்றத் திட்டம் தொடங்கியது. இன்று மாவட்ட நீதிமன்ற வழக்கு ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க அடையாளக் குறி உண்டு. அக்குறி கையிலிருந்தால், தஞ்சாவூரில் நடைபெறும் நில வழக்கு அடுத்து என்று விசாரணைக்கு வருகிறது என்பதை டொரண்டோவில் இருந்தே அறியலாம். இத்திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு 7,210 கோடி ரூபாய் செலவிட, 2023 செப்டம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. வழக்கு வரும் நாளை அறிந்து சென்றவருக்கு, அன்று அங்கே பேசப்படுவது விளங்குகின்றதா?

தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்குகிறது. சாட்சி தமிழில் சொல்கிறார், தமிழிலேயே பதிவாகிறது. அதே வழக்கு மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றத்திற்கோ மதுரைக் கிளைக்கோ சென்றதும் ஆங்கிலத்திற்கு மாறிவிடுகிறது. இந்திய அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு அவ்வாறு விதிக்கின்றது. எனினும், குடியரசுத் தலைவரின் முன் இசைவுடன் மாநில ஆட்சிமொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் பயன்படுத்த ஆளுநர் அனுமதிக்கலாம் என்று அதே பிரிவு வழியும் காட்டுகின்றது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் இந்தி இவ்வழியே அனுமதி பெற்றது. தமிழுக்காகத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2006ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தீர்மானமோ ஏற்கப்படவில்லை.

நாம் வாழும் கனடாவில், 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு, வழக்கு மொழி அறியாத தரப்பினருக்கும் சாட்சிக்கும் மொழிபெயர்ப்பாளரின் துணையை உரிமையாகவே வழங்குகின்றது. டொரண்டோவில் தமிழருக்குக் கிடைக்கும் இவ்வுரிமைக்குச் சென்னையில் தடை இருக்கலாமா?

சட்டக் கலைச்சொற்கள் போதா, பிற மாநில நீதிபதிகளுக்குத் தமிழ் தெரியாது என்பார்கள். இவை புறந்தள்ளத்தக்க தடைகள் அல்ல, ஆனால் தீர்க்கத்தக்கவை. இந்திய உச்ச நீதிமன்றம் 2019 முதல் மொழிபெயர்ப்பு மென்பொருளைப் பயன்படுத்துகின்றது. அதன் தீர்ப்புகள் பல தமிழிலும் வெளிவருகின்றன.

இயந்திரத்தை மட்டும் நம்பிவிடவும் இயலாது. வழக்கு "தள்ளிவைக்கப்பட்டது" என்றால் இன்னொரு நாள் வர வேண்டும். "தள்ளுபடி செய்யப்பட்டது" என்றால் அங்கே வழக்கே இல்லை. இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் ஓர் ஏழை உழவரின் நிலமே பறிபோகலாம். ஆகவே தமிழும் ஆங்கிலமும் அறிந்த மனிதர் ஒருவர் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தாக வேண்டும்.

இளையோரே, கணினியும் இரு மொழியும் அறிந்த உங்களால் சட்டக் கலைச்சொற்களைத் தொகுக்க இயலும். மொழிபெயர்ப்பு மென்பொருளைச் செம்மை செய்யவும் இயலும். பெற்றோர்களே, பிள்ளைகளின் தமிழ்க் கல்வி பாட்டோடும் நாடகத்தோடும் நின்றுவிடாமல், ஒரு பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்லும் அளவிற்கு வளரட்டும்.

நீதி விரைந்து வந்தால் மட்டும் போதாது; விளங்கும் மொழியிலும் வர வேண்டும்.