விரலுக்கும் சிறகுக்கும் இடையே



நான் வசிப்பது திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ரமணாசிரமப் பகுதியில். மௌனத்தை நாடிப் பல தேசத்தாரும் வந்து தங்கும் இடம் அது. மயில்கள் அகவும், குரங்குகள் கூரைமீது ஓடும், மற்றபடி ஓசை குறைவு. 1896-ஆம் ஆண்டு பதினாறு வயதுச் சிறுவராக இவ்வூருக்கு வந்த ரமணர், 1950-இல் உடலை நீக்கும்வரை இம்மலையை விட்டு எங்கும் சென்றதில்லை. அப்படிப்பட்ட இடத்திலிருந்து பறப்பதைப் பற்றிப் பேச ஒருவன் கிளம்பி வந்திருக்கிறானே என்று உங்களுக்குத் தோன்றினால் அதில் தவறில்லை. எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

இந்த வயதில் என்னை இதில் இழுத்துவிட்டவன் என் பேரன். பத்தாம் வகுப்பு மாணவன். பால்சா மரத்தாலும் நுரை அட்டையாலும் ஒரு மாதிரி விமானம் கட்டினான். எடை ஏறத்தாழ 900 கிராம். தரையில் நின்றபடி கையிலுள்ள கருவியால் வானொலி அலை அனுப்பி அதை ஓட்ட வேண்டும். முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் என்ற பெருமையில் நானும் மேற்பார்வை பார்க்க உட்கார்ந்துவிட்டேன். அந்த மேற்பார்வையின் இலட்சணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வானொலியால் ஒரு பொருளை இயக்குவது புதிய செய்தியன்று. 1898-ஆம் ஆண்டிலேயே நிகோலா தெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் குட் சகோதரர்கள் மாதிரி விமானத்தை அவ்வாறே பறக்கவிட்டனர். அக்காலத்து மாதிரி விமானங்கள் பலவற்றில் முறுக்கிய ரப்பர் பட்டைதான் சுக்கானைத் திருப்பும் வலிமையைத் தந்தது. வானொலி அலை அந்த முறுக்கைப் படிப்படியாக அவிழ்த்துவிட மட்டுமே செய்தது. இன்று அவ்வேலையைச் செய்வது சர்வோ என்னும் சிறு பெட்டி. தீப்பெட்டியினும் சிறியது, ஒன்பது கிராம் எடையிலும் கிடைக்கிறது. உள்ளே ஒரு மோட்டார், சில பற்சக்கரங்கள், தன் கை எந்நிலையில் இருக்கிறது என்பதைத் தானே அறிந்துகொள்ளும் ஒரு மின்தடை ஏற்பாடு. நொடிக்கு ஐம்பது முறை அதற்கு ஒரு மின்துடிப்பு வருகிறது. அத்துடிப்பு ஒரு மில்லி நொடி நீண்டால் கை ஒரு பக்கக் கோடிக்கும், இரண்டு மில்லி நொடி நீண்டால் மறு பக்கக் கோடிக்கும் செல்லும். ஒன்றரை என்றால் நடுவில் நிற்கும். அவ்வளவே அதன் மொழி.

நம் விரலின் கட்டளை மின்னலாய்ச் சென்று சர்வோவை அடைந்துவிடுகிறது. அங்கிருந்து சிறகின் ஓரத்திலுள்ள பலகைக்கு அதைக் கொண்டு சேர்ப்பது வானொலியன்று, மின்சாரமுமன்று, ஒரு கம்பி. அதைத் தள்ளுகோல் எனலாம். சர்வோவின் கையில் ஒரு முனை, பலகைமேல் நாட்டிய கொம்பின் துளையில் மறு முனை. இந்த ஒரு சாண் கம்பியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். இளைஞர்கள் பணத்தையெல்லாம் மோட்டாருக்கும் மின்கலத்துக்கும் செலவிட்டுவிட்டு, கம்பியைக் கடைசி நாள் இரவில் அவசரமாக வளைத்து மாட்டுகிறார்கள்.

ஏற்றம் இறைத்த துலாவை உங்களில் சிலரேனும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அச்சிலிருந்து ஒரு புறம் நீளம், மறு புறம் குட்டை. நீண்ட புறம் அதிகம் நகரும். குட்டைப் புறம் குறைவாக நகர்ந்து அதிகப் பளுவைத் தூக்கும். சர்வோவின் கையும் பலகையின் கொம்பும் அதே துலாதான். சர்வோக் கையில் அச்சிலிருந்து 10 மில்லிமீட்டரில் உள்ள துளையிலும், கொம்பில் கீலிலிருந்து 20 மில்லிமீட்டரில் உள்ள துளையிலும் கம்பியை மாட்டுவதாகக் கொள்வோம். சர்வோ 45 பாகை திரும்பினால் பலகை சுமார் 20 பாகைதான் திரும்பும். நட்டம் என்று எண்ண வேண்டா. பலகையைத் திருப்பும் முறுக்குவிசை இரண்டு மடங்காகிறது. காற்று எதிர்த்துத் தள்ளும்போது அதுவே வேண்டும்.

மற்றொரு இலாபமும் உண்டு. எந்த மூட்டிலும் சிறிது ஆட்டம் இருக்கும். கம்பியின் முனையில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். கொம்பின் துளை கீலிலிருந்து 10 மில்லிமீட்டரில் இருந்தால், 40 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகையின் ஓரம் 2 மில்லிமீட்டர் ஆடும். துளையை 20 மில்லிமீட்டருக்கு உயர்த்தினால் ஆட்டம் ஒரு மில்லிமீட்டராகக் குறையும். ஓரத்து ஆட்டம் சிறிய குறையன்று. வேகம் மிகும்போது காற்று அந்தத் தளர்ச்சியைப் பற்றிக்கொண்டு பலகையைப் படபடவென்று அடிக்கத் தொடங்கும். கொடித்துணி புயலில் அடித்துக்கொள்வதுபோல் ஒரு சத்தம் கேட்கும். கேட்ட சில கணத்தில் பலகை கீலோடு பிய்ந்து தனியே பறக்கும்.

இதைச் சொன்னவுடன் கல்லூரி மாணவர் ஒருவர் என்னை மடக்கினார். "பலகை அதிகம் அசைந்தால் என்ன ஐயா, கையிலுள்ள கருவியிலேயே அளவைப் பாதியாகக் குறைத்துவிடலாமே" என்றார். குறைக்கலாம், அசைவு குறையும். ஆனால் விசை கூடாது, ஆட்டமும் குறையாது. சர்வோவின் பாதி ஓட்டம் பயனின்றிக் கிடக்கும். முதலில் துளைகளைத் தேர்ந்து அளவைச் சரிசெய்ய வேண்டும். மின் வழித் திருத்தம் கடைசியில், மிஞ்சிய சிறு குறைக்கு மட்டும்.

மாட்டும் முறைக்கு வருகிறேன். எதற்கும் முன்பு விமானத்தின் முன் விசிறியைக் கழற்றி வையுங்கள். மேசைமேல் திடீரென்று சுழலும் விசிறி விரலைப் பார்த்து இரங்காது. பிறகு மின்சாரம் கொடுத்து, கருவியின் குச்சியை நடுவில் நிறுத்தி, திருத்தங்களைச் சுழியாக்குங்கள். சர்வோ தன் நடுநிலைக்கு வந்து நிற்கும். அப்போதுதான் அதன் கையைப் பொருத்த வேண்டும், கை தள்ளுகோலுக்குச் செங்குத்தாக நிற்கும்படி. சர்வோவின் தண்டில் பற்கள் இருப்பதால் சரியான செங்குத்து உடனே அமையாமல் போகலாம். கையைக் கழற்றி, அதன் மறு சிறகைத் திருப்பிப் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று நெருங்கி வரும்.

கொம்பை நாட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். கொம்பின் துளைகள் கீலின் கோட்டுக்கு நேர்மேலே அமைய வேண்டும். முன்னோ பின்னோ தள்ளியிருந்தால், பலகை மேலே செல்லும் அளவும் கீழே செல்லும் அளவும் வேறுபடும். வாலிலுள்ள எலிவேட்டருக்கு அது குற்றம். சிறகிலுள்ள அய்லரான் பலகைகளுக்கோ அதுவே சில சமயம் குணம்! வலப்புறம் சாய்க்க விரும்பினால் வலச் சிறகின் பலகை எழும். இடச் சிறகின் பலகை தாழும். தாழ்ந்த பலகை அந்தச் சிறகுக்கு ஏற்றத்தோடு இழுவையையும் கூட்டுவதால், விமானத்தின் மூக்கு நாம் விரும்பாத இடப்பக்கம் இழுபடும். எழும் பலகை அதிகமும் தாழும் பலகை குறைவுமாக அசையும்படி செய்தால் இக்கோளாறு தணியும். 1931-இல் முதன்முதல் பறந்த டைகர் மாத் பயிற்சி விமானத்தில் இவ்வேற்பாடு உண்டு. அதே விமானத்தில் நம் நாட்டு விமானிகள் பலர் பயின்றார்கள். காகிதத்தில் இரண்டு கோடு வரைந்து, துளையை முன்னும் பின்னும் நகர்த்தி நீங்களே அளந்து பாருங்கள். வடிவகணிதப் பாடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தக் காகிதமே பதில் சொல்லும்.

கம்பி இழுக்கும்போது வளையாது, தள்ளும்போது வளையும். நீளம் இரண்டு மடங்கானால் வளையாமல் தாங்கும் பளு நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே நீண்ட கம்பிக்கு நடுவில் ஒரு வளையம் வைத்துத் தாங்குங்கள். தாங்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். கடையில் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தின் இரண்டு மில்லிமீட்டர் ஸ்போக்ஸ் கம்பியையே தள்ளுகோலாக்குகிறார்கள். அதன் நுனியிலுள்ள திருகு மரை நீளத்தைக் கூட்டிக் குறைக்க உதவுகிறது. கொம்போடு கம்பியை இணைக்கும் கிளெவிஸ் என்னும் கவ்வி, அதிர்ச்சியில் வாய் திறந்துகொள்ளக்கூடும். சைக்கிள் கடை வால்டியூபில் ஒரு சிறு துண்டு வெட்டி அதன்மேல் ஏற்றிவிட்டால் திறவாது. வாலின் சுக்கானுக்குத் தள்ளுகோலே வேண்டா என்று இருபுறமும் நூற்கயிறு கட்டுவோரும் உண்டு. பொம்மலாட்டக்காரரின் வழி அது. இழுத்தால் போதும், தள்ள வேண்டியதே இல்லை.

எல்லாம் மாட்டியபின் குச்சியை நான்கு கோடிக்கும் தள்ளிப் பார்த்து, காதைக் கொடுத்துக் கேளுங்கள். சர்வோ முனகினால் எங்கோ கம்பி முட்டுகிறது. முனகும் சர்வோ மின்கலத்தைக் குடித்துத் தானும் சூடேறும்.

இவ்வளவும் என் பேரன் செவ்வனே செய்தான். துளைகள் சரி, செங்குத்துச் சரி, முனகல் இல்லை. கடைசிச் சோதனைக்கு என்னை அழைத்தான். விமானத்தை மேசையில் மூக்கு என்னை நோக்கி இருக்க வைத்துவிட்டு, "தாத்தா, வலம் தருகிறேன், பாருங்கள்" என்றான். பார்த்தேன். பலகைகள் நேர்த்தியாக அசைந்தன. "சரி" என்றேன். எந்தப் பலகை எழுந்தது என்று நான் பார்க்கவில்லை. அசைகிறதா என்று மட்டும் பார்த்தேன். மூக்கு என்னை நோக்கி இருந்ததால் அதன் வலம் எனக்கு இடம் என்பதும் நினைவில் இல்லை. கருவியில் அய்லரானின் திசை மாறியிருந்தது.

ஊருக்கு வெளியே, கிரிவலம் செல்வோர் கூட்டம் இல்லாத ஒரு வறண்ட ஏரிப் படுகைக்குச் சென்றோம். விமானம் எழுந்தது. மலைக்காற்றில் சற்று இடம் சாய்ந்தது. சுமார் 800 மீட்டர் உயர்ந்த மலையின் மறைவில் காற்று ஒரு சீராக வீசுவதில்லை. பேரன் வலம் தந்தான். மேலும் இடம் சாய்ந்தது. பதறி இன்னும் வலம் தந்தான். புரண்டு விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து முப்பது அடி தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி நின்றிருந்தார். உடைந்த சிறகைத் தாமே எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "புள்ள விளையாடுது, சரி. நீங்க பெரியவரு கூட இருந்து பாத்துக்கக் கூடாதாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

பேரனை நான் கடிந்துகொள்ளவில்லை. "சரி" என்று சொன்னவன் நான். அவன் என் சொல்லை நம்பித்தான் பறக்கவிட்டான்.

இது சிறு பிள்ளைகளுக்கும் கிழவர்களுக்கும் மட்டுமே நேரும் பிழையன்று. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற லங்காஸ்டர் விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக், 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் இங்கிலாந்தில் உட்போர்டு என்னுமிடத்தில், தாம் வடிவமைத்த டியூடர் விமானத்தின் சோதனைப் பறப்பில் உடன் சென்றார். பழுதுபார்த்தபோது அய்லரான் வடங்கள் மாற்றிப் பூட்டப்பட்டிருந்தன. எழுந்த சில கணத்தில் விமானம் விழுந்தது. அவரும் விமானியும் மாண்டனர். எழுபத்தொரு ஆண்டுகள் கழித்து, 2018-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், போர்ச்சுகல் நாட்டில் பராமரிப்பு முடிந்து புறப்பட்ட ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் விமானத்திலும் அய்லரான் வடங்கள் தலைகீழாகப் பூட்டப்பட்டிருந்தன. அதன் விமானிகள் நெடுநேரம் போராடி, பெஜா நகர விமானத்தளத்தில் உயிருடன் இறக்கினர். இத்தனைக்கும் இவற்றைச் செப்பனிட்டவர்கள் கற்றறிந்த தொழிலாளர்கள். அவர்களும் பலகை அசைகிறதா என்று பார்த்திருக்கலாம். எப்பக்கம் அசைகிறது என்று பார்ப்பது வேறு காரியம்.

இப்பொழுது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சோதிப்பவர் விமானத்தின் வாலுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். விமானத்தின் வலமும் நம் வலமும் அப்போது ஒன்றே. கட்டைவிரலை நிமிர்த்திக் குச்சியைப் பிடித்து ஒரு பக்கம் சாய்த்தால், விரல் எந்தச் சிறகைக் காட்டுகிறதோ அந்தச் சிறகின் பலகை எழ வேண்டும். குச்சியை நம்மை நோக்கி இழுத்தால் வாற்பலகை எழ வேண்டும். சோதிப்பவர் "சரி" என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு முறை, பறக்கவிடும் இடத்தில் ஒரு முறை.

மாதிரி விமானங்களுக்கும் 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் பொருந்தும் என்பதை மாணவர்கள் மறக்க வேண்டா. எங்கே பறக்கவிடலாம் என்பதை அரசின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்; தீபத் திருநாள் போன்ற கூட்ட நாட்களில் எங்கள் ஊரில் அந்த எண்ணமே வேண்டா. கற்றுக்கொடுப்பாரைத் தேடுவோர் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் விசாரிக்கலாம். மாதிரி விமானம் கட்டுவது அங்கே பயிற்சியின் ஒரு பகுதி. சென்னைக் குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கி, அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்ற எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தக்ஷா குழுவினர், 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார்கள். அவர்களும் எங்கோ ஒரு மேசைமேல் கம்பி வளைத்துத் தொடங்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

சிறகை ஒட்டிச் சரிசெய்து, மூன்று வாரம் கழித்து அதே ஏரிப் படுகைக்குப் போனோம். மூதாட்டி அன்றும் இருந்தார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரைமேல் ஏறி நின்றுகொண்டார். அவர் ஏறி முடிக்கும்வரை காத்திருந்தோம். நான் விமானத்தின் வாலுக்குப் பின்னால் குனிந்து நின்றேன்.

"தாத்தா, வலம்."

"வலப் பலகை எழுகிறது, இடப் பலகை தாழ்கிறது."

"இடம்."

"இடப் பலகை எழுகிறது, வலப் பலகை தாழ்கிறது."

கரைமேலிருந்து, "இப்ப விடலாமா?" என்று அந்த அம்மாள் உரக்கக் கேட்டார்.