படச் சிறுகதை: ஜப்பானிய மாங்காவின் அறியப்படாத பக்கம்

உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் கோழி ஒன்று யானையோடு பொரும் சிறிய சிற்பம் இருப்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யானைமேல் வந்த சோழனைக் கோழி மறித்தது, யானை பின்வாங்கியது, கோழிக்கே இத்தனை வீரம் தரும் மண் இதுவென்று மன்னன் இங்கே தலைநகர் அமைத்தான் என்பது கதை. கோழியூர் என்ற பெயர் அப்படி வந்தது. சிலப்பதிகாரம் இதைச் சொல்லும்போது யானை, கோழி இரண்டையும் வாரணம் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. கல்லில் இருப்பதோ ஒரே ஒரு கணம். மன்னன் என்ன நினைத்தான், யானை எப்படித் திரும்பியது, ஊர் எப்போது எழுந்தது என்பவற்றையெல்லாம் பார்ப்பவர்தான் தம் மனத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிற்பி வெட்டாமல் விட்ட இடத்தில்தான் கதை நடக்கிறது. ஜப்பானியப் படக்கதையைப் பற்றிய உரையை இந்தக் கல்லிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. மாங்கா என்றதும் நூறு தொகுதி ஓடும் நெடுந்தொடர்களே நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகின்றன. அதே ஜப்பானில், ஒரே இதழில் தொடங்கி அதிலேயே முடிகிற சின்னக் கதைகளும் ஏராளம். அவற்றை அங்கே யோமிகிரி என்பார்கள். அவற்றுள் சிறந்தவை சிறுகதை என்ற இலக்கிய வடிவத்தின் உடன்பிறப்புகள். சிறுகதையில் தேர்ந்த தமிழ் வாசகர் அவற்றைப் படிக்க முழுத் தகுதி உள்ளவர். ஆகவே தமிழுக்கு முதலில் வர வேண்டியவை அவைதான் என்பது என் கட்சி.

நமக்கும் படக்கதை புதிதன்று. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை ஓவியமாகத் தொடர்கிறது. காட்சியின் கீழே தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறது. அச்சுக்கு வந்தால், 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவு. சிந்துபாத் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை. முடியாத எதையும் ‘கன்னித்தீவு மாதிரி’ என்று சொல்லும் அளவுக்கு அது நம் பேச்சில் கலந்துவிட்டது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984இல் லயன் காமிக்ஸ். இவை பெரும்பாலும் ஒரே புத்தகத்தில் முடிந்த கதைகளே. ஆனால் கதைதான் முடிந்தது, மாயாவி முடியவில்லை. அவர் அடுத்த இதழிலும் வந்தாக வேண்டும். வருவார் என்று தெரிந்துவிட்ட நாயகனுக்கு எந்த ஆபத்தும் உண்மையான ஆபத்தில்லை. சிவகாசி நமக்குத் தந்தது பெரிய கொடை. இரண்டு தலைமுறைக்குப் படிக்கும் பழக்கத்தைக் கொடுத்தது. ஆனால் அந்தப் பழக்கத்தோடு ஓர் எண்ணமும் ஒட்டிக்கொண்டது. படக்கதை என்றால் சாகசம், சாகசம் என்றால் சிறுவர், மீசை முளைத்ததும் பரணில் ஏற்றிவிட வேண்டியது என்ற எண்ணம். சிறுகதையை நாம் அப்படிப் பரணில் ஏற்றவில்லை.

ஜப்பானில் படக்கதையையும் அப்படிப் பரணில் ஏற்றவிடாதவர்களில் ஒருவர் யோஷிஹிரோ தாத்சுமி. 1935இல் ஒசாகாவில் பிறந்தார். ஸ்ரீரங்கத்தைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்த சுஜாதாவும் அதே 1935இல் பிறந்தவர்தான். ஒப்பிட இது ஒரு சாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் வார இதழ், மாத இதழ் என்ற பக்க அளவுக்குள் வேலை செய்தவர்கள். நெருக்கிய பக்கம் இருவர் கையையும் கூர்மையாக்கியது. ஜப்பானில் அக்காலத்தில் வாடகைப் புத்தகக் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. நம் ஊர்களின் வாடகை நூல் நிலையங்களை நினைத்துக்கொள்ளலாம். அந்தக் கடைகளுக்கு வரைந்தவர்களில் ஒருவரான தாத்சுமி, சிறுவர் வேடிக்கை என்ற பொருள் ஒட்டியிருந்த மாங்கா என்ற சொல்லை விட்டு, 1957இல் கெகிகா என்ற சொல்லைக் கொண்டுவந்தார். நாடகத்தன்மை கொண்ட படம் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 1969 வாக்கில் அவர் வரைந்த கதைகள் பல, எட்டே பக்கம். தொழிற்சாலைக்காரன், சாக்கடைத் தொழிலாளி, வேலை போனவன் என்று வருகிறார்கள். நாயகர்கள் அதிகம் வாய் திறப்பதில்லை. பேச வேண்டிய இடத்தில் ஒரு முகம், ஒரு சந்து, மறுபடி அதே முகம். பேச்சைக் குறைத்த அளவுக்குப் படிப்பவர் பங்கு கூடுகிறது.

இங்கே முதல் மறுப்பு எழும். எழுத்து நம்மைக் கற்பனை செய்ய வைக்கிறது, படமோ எல்லாவற்றையும் காட்டிவிட்டு மனத்தைச் சோம்பேறி ஆக்குகிறது என்பார்கள். கனமான மறுப்புத்தான். அதற்குத் தாத்சுமியின் ‘நரகம்’ என்ற கதையே விடை சொல்கிறது. 1945 ஆகஸ்டு, குண்டு விழுந்த ஹிரோஷிமா. ஒரு புகைப்படக்காரன் எரிந்த சுவரில் இரண்டு நிழல்கள் பதிந்திருப்பதைப் பார்க்கிறான்: தாய் அமர்ந்திருக்கிறாள், மகன் பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்துவிடுகிறான். அந்தப் படம் பிற்பாடு பெரும்புகழ் பெறுகிறது. தாய்மேல் மகன் கொண்ட அன்புக்கும் குண்டின் கொடுமைக்கும் அதுவே அடையாளமாகிறது. பிறகொரு நாள் செத்துப்போனதாக எல்லாரும் நம்பிய அந்த மகனே புகைப்படக்காரன் முன் உயிரோடு வந்து நிற்கிறான். சுவரில் இருப்பது அவன் நிழலன்று. தாயைக் கொல்ல அவன் ஏவிய நண்பனின் நிழல். தோளைப் பிடித்ததாக நாம் பார்த்த கைகள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. படம் பொய் சொல்லவில்லை. அன்பைப் பார்க்க விரும்பிய கண்கள் அன்பைப் பார்த்தன. கற்பனை எங்கே செத்தது? படத்துக்கு முன்னும் பின்னும் இருந்த வெற்றிடத்தை ஒரு தேசமே தன் கற்பனையால் நிரப்பியது, தவறாக நிரப்பியது. கதையைப் படிப்பவரும் அதே தவற்றைச் செய்துவிட்டுத்தான் அந்தப் பக்கத்துக்கு வருகிறார். இதை எழுத்தில் சொல்லலாம். ஆனால் நம் கண்ணையே சாட்சியாக நிறுத்தி, பிறகு அந்தச் சாட்சியை உடைப்பது படத்தால்தான் முடியும். எரிக் கூ 2011இல் சிங்கப்பூரிலிருந்து எடுத்த ‘தாத்சுமி’ திரைப்படத்தில் இந்தக் கதையும் உண்டு.

இருட்டுக் கதைகள்தானா என்று கேட்கலாம். ஓரளவு உண்மை, தாத்சுமியைத் தொடர்ந்து ஐந்து கதைகள் படித்தால் மூச்சு முட்டும், பெண்களை அவர் வரைந்த விதத்திலும் எனக்குக் குறை உண்டு. ஆனால் வடிவம் அவரோடு நிற்கவில்லை. 1964இல் தொடங்கிய ‘காரோ’ இதழில் எழுதிய யோஷிஹாரு சுகே, 1968இல் ‘நெஜிஷிகி’ என்ற கனவுக் கதையை வெளியிட்டார். ஜெல்லிமீன் கடித்த ஒருவன் மருத்துவரைத் தேடி ஒரு மீனவக் கிராமத்தில் அலைகிறான், கடைசியில் அவன் ரத்தக்குழாயில் ஒரு திருகு பொருத்தப்படுகிறது. அதைவிட என் மனத்தில் நிற்பது 1985–86இல் அவர் எழுதிய ‘திறமையற்ற மனிதன்’ வரிசை. படம் வரைவதை விட்டுவிட்ட ஒருவன் தாமா ஆற்றங்கரையில் கடை போட்டுக் கல் விற்கிறான். அந்தக் கற்களை அவன் பொறுக்கியதும் அதே ஆற்றில்தான். யார் வாங்குவார்? காவிரிக்கரையில் உட்கார்ந்து படித்தால் அந்த மனிதன் அந்நியனாகத் தோன்றமாட்டான்.

‘அவர்கள் போர், அவர்கள் துயரம், நமக்கென்ன’ என்பது இன்னொரு மறுப்பு. இதை இந்த ஊரில் வைத்துக் கேட்பது பொருந்தாது. உறையூர் மண்மாரியால் மூடுண்டது என்று தலபுராணம் சொல்கிறது. வெக்காளியம்மனுக்கு இன்றும் கூரை இல்லை. வீடிழந்த மக்களுக்கெல்லாம் கூரை கிடைக்கும்வரை தானும் வெயிலிலும் மழையிலும் இருப்பதாக அவள் உறுதி கொண்டாள் என்பது ஊர் நம்பிக்கை. புராணத்தையும் வரலாற்றையும் ஒன்றாகக் குழப்ப நான் முயலவில்லை. மண்மாரிக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. ஹிரோஷிமாவுக்கு 1945 ஆகஸ்டு 6 என்ற தேதி உண்டு, குண்டைப் போட்டவர்களின் பெயரும் உண்டு. வானத்திலிருந்து வந்த அழிவுக்குப் பின், பிழைத்தவர் கூரையின்கீழ் நிம்மதியாக உறங்க முடியுமா என்ற கேள்வி மட்டும் இரண்டிலும் ஒன்று. அந்தக் கேள்வியை முப்பத்துச் சொச்சம் பக்கத்தில் கேட்ட கதை, ஃபுமியோ கோனோவின் ‘மாலை அமைதியின் நகரம்’. கோனோ 1968இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர், குண்டை அறியாத தலைமுறை. 1955இல் ஆற்றங்கரைக் குடிசையில் தாயோடு வாழும் மினாமி என்ற இளம்பெண் அலுவலகம் போகிறாள், வருகிறாள், ஒருவனை விரும்புகிறாள். பிழைத்திருப்பதே குற்றம் என்ற எண்ணம் அவளை விடவில்லை. இறந்தவர்களைத் தாண்டி ஓடிவந்தவள் எப்படி மகிழ்ச்சியாக இருக்கலாம் என்று தன்னையே கேட்கிறாள். மனம் சற்றுத் தெளியும் வேளையில் கதிர்வீச்சு நோய் படுக்கையில் தள்ளுகிறது. அவளுக்குப் பார்வை மங்குகிறது. கட்டங்களில் படம் குறைகிறது, பிறகு இல்லாமலே போகிறது. வெள்ளைக் கட்டம், அதற்குள் அவள் நினைப்பின் சில சொற்கள். மறுபடி வெள்ளைக் கட்டம். நாம் அவள் கண்ணுக்குள் இருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. பத்தாண்டு கழித்தும் ஒருத்தியைக் கொன்றுவிட்டதை எண்ணிக் குண்டு போட்டவர்களுக்குத் திருப்திதானா என்று அவள் கேட்கும் இடத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. அந்தக் கோழிச் சிற்பம் ஒரு கணத்தைக் காட்டி மற்றதை விட்டது. கோனோ காட்டவேண்டிய அந்தக் கணத்தையே விட்டுவிட்டார்.

இவை தமிழில் விற்காது என்பார்கள். இதற்கும் இந்தியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. யூகிச்சி யாமாமாத்சு என்ற படக்கதைக்காரர் 2004இல் தில்லிக்கு வந்தார். இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் வராது. ஹிரோஷி ஹிராதா 1962இல் வரைந்த ஒரு வாள்வீரர் கதையை இந்தியில் பெயர்த்து, அச்சிட்டு, தெருவில் நின்று விற்றுப் பார்த்தார். போணியாகவில்லை. அந்த அனுபவத்தையே பின்னர் படக்கதையாக வரைந்தார். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது, மொழிபெயர்த்தவர் குமார் சிவசுப்பிரமணியன். இந்தியரிடம் மாங்கா செல்லாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் தோற்றது தெருவில், அறிமுகமற்ற வாங்குபவரிடம். தமிழில் சிறுகதைக்கு இதழ்கள் உண்டு, சிறுபத்திரிகை உண்டு, புத்தகக் கண்காட்சி உண்டு, சிவகாசியின் நாற்பது ஐம்பது ஆண்டு விசுவாச வாசகர்கள் உண்டு. நூறு தொகுதித் தொடரின் உரிமையை வாங்கிச் சிறு பதிப்பகம் தாங்க முடியாது. நூறு பக்க நூல் ஒன்றைத் தாங்கலாம். கோனோவின் அந்த நூல் ஏறத்தாழ அவ்வளவுதான். தோமோகோ கிகுச்சியின் மொழிபெயர்ப்பில் இந்திக்கு அது வந்தும்விட்டது.

மொழிபெயர்ப்பில் ஒரு கைவேலைச் சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க முடியாது. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழ் இறங்குவது. அதனால் அவர்களுடைய பேச்சுக் குமிழ்கள் உயரமாக, ஒடுக்கமாக இருக்கும். அதற்குள் ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதினால் சொல்லை மூன்றாக உடைக்க வேண்டும். ‘போயிட்டிருக்கேன்’ என்றால் ஓரளவு அடங்கும். ஏட்டுத் தமிழுக்கு அந்தக் குமிழில் இடமே இல்லை. கோனோவின் மனிதர்கள் பேசுவதும் தோக்கியோ மொழியன்று, ஹிரோஷிமா வட்டார வழக்கு. அப்படியானால் மினாமி எந்தத் தமிழில் பேசுவாள்? ஆற்றங்கரை ஊரின் பேச்சு வேண்டும், நெசவும் கூலியும் தெரிந்த வீட்டுப் பெண்ணின் பேச்சு வேண்டும். உறையூர்த் தறிக்காரர் தெருவில் அது இன்றும் புழங்குகிறது. அவள் அம்மாவை ‘நீங்க’ என்பாளா, ‘நீ’ என்பாளா என்பதைக்கூட இங்குள்ள ஒருவர்தான் தீர்மானிக்க முடியும். அச்சுக்குப் போகும்போது, பக்கம் கட்டுபவரிடம் ஒன்றை மட்டும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்: கடைசிப் பக்கங்களில் கட்டங்கள் வெறுமையாக இருக்கும், படம் விழவில்லை என்று நினைத்து எதையும் அங்கே வைத்துவிடாதீர்கள்.